ஆரஞ்சுப் புறாவா, தங்கப் புறாவா? பிஜித் தீவுகளின் இரு பழப்புறாக்களை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

பிஜித் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு சின்னப் பழப்புறாக்களைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஒன்று ஆரஞ்சுப் புறா, அறிவியல் பெயர் டிலினோபஸ் விக்டர். மற்றது தங்கப் புறா, டிலினோபஸ் லூட்டியோவைரென்ஸ். இரண்டுமே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், குட்டை வால். இரண்டிலும் ஆண் கண்ணைப் பறிக்கும், பெண் இலையோடு இலையாக மறைந்துவிடும்.

ஒப்பிடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஆணின் நிறத்தைப் பார்த்த மயக்கத்தில் அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாதி வேலை முடிந்த பிறகு தாளைக் கிழித்துப் போட்டேன். அதன் பின் நாலைந்து புதியவர்களுக்கு இதே வேலையைச் சொல்லிக்கொடுத்தபோது, எல்லோரும் அதே பள்ளத்தில் வரிசையாக விழுந்ததைப் பார்த்தேன். சரியான வரிசை இதுதான்: பெயர், தீவு, குரல், பால் (ஆணா, பெண்ணா), அதற்குப் பிறகே நிறம். ஏன் இந்த வரிசை என்பதை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் வேண்டியவை

முதலில் ஒரு வரைபடம். தீவுகளின் பெயர் தனித்தனியாகக் குறித்த பிஜி வரைபடம் வேண்டும். நாட்டின் பெயரை மட்டும் கடலின் மேல் எழுதிய உலக வரைபடம் உதவாது, ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் பாதி வேலையை வரைபடமே செய்யப்போகிறது.

அடுத்து, எடுத்த இடம் தெரிந்த புகைப்படங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ஆண் நான்கு, பெண் நான்கு, இளம்பறவை இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இ-பேர்ட் தளத்திலும், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்திலும் இடக்குறிப்போடு படங்கள் கிடைக்கின்றன. எந்தத் தீவு என்று தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள். அழகான படம்தான் அதிகம் பகிரப்படும், பகிரப்படும்போது முதலில் உதிர்ந்துபோவது இடத்தின் பெயர்.

ஒலிப்பதிவுகளுக்கு சீனோ-கான்டோ தளம் போதும். ஆனால் கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். காதை மூடும் ஹெட்போன் வேண்டும். சின்ன ஸ்பீக்கர் அடித்தொண்டை ஒலிகளை விழுங்கிவிடும், அதனால் பெரிய பறவையின் குரல் சின்னப் பறவையின் குரல்போலக் கேட்கும். நான்காவது படியில் இந்தத் தவறுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

கடைசியாக, கோடு போட்ட ஒரு தாள். அதில் மூன்று நெடுங்கட்டங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பறவைகளுக்கு எதற்கு மூன்று கட்டம் என்று கேட்காதீர்கள், காலியாகவே இருக்கட்டும்.

2. பெயர்ச் சிக்கலை முதலில் அவிழ்த்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள், வேறு கண்டத்துப் பறவையின் படத்தைக் கட்டத்துக்குள் ஒட்டிவைத்துவிட்டுப் பிறகு குழம்புவார்கள்.

தங்கப் புறாவுக்கு ஆங்கிலத்தில் 'லெமன் டவ்' என்றும் ஒரு பெயர் உண்டு. அதே பெயரில் ஆப்பிரிக்கக் காடுகளில், தரையில் மேயும் பழுப்பு நிறப் புறா ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் புறாக் குடும்பம் என்பதைத் தாண்டி உறவு இல்லை. என்னிடம் கற்க வந்த ஒருவர் பெண் தங்கப் புறா என்று பழுப்புப் பறவை ஒன்றை ஒட்டி, "பெண் பச்சை என்று நூல்கள் சொல்வது தவறு" என்று குறிப்பும் எழுதியிருந்தார். நூல்கள் மேல் பழி இல்லை, தேடுபெட்டியில் போட்ட சொல்லின் மேல்தான்.

ஆரஞ்சுப் புறாவுக்கு 'ஃபிளேம் டவ்', அதாவது தழல் புறா என்று இன்னொரு பெயர். இதில் வம்பில்லை. ஆனால் 'ஆரஞ்சு' என்ற சொல்லோடு பழப்புறாக்களைத் தேடினால் ஆரஞ்சு நெற்றிப் பழப்புறா, ஆரஞ்சு வயிற்றுப் பழப்புறா என்று நியூ கினிப் பகுதிப் பறவைகளும் வந்து விழும். அவை இரண்டும் பெரும்பாலும் பச்சை உடல் கொண்டவை, அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

இன்னொரு பொறி அறிவியல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆரஞ்சுப் புறாவில் இரண்டு உள்ளினங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பெயர் விக்டர், மற்றொன்றின் பெயர் ஆரியஸ். லத்தீனில் ஆரியஸ் என்றால் பொன் நிறம். 'பொன்' என்ற சொல்லைக் கண்டதும் அதைத் தங்கப் புறாவின் கட்டத்தில் போடுகிறவர்கள் உண்டு. ஆரியஸ் ஆரஞ்சுப் புறாவே.

இதற்கு மாறாக லூட்டியோவைரென்ஸ் என்ற பெயர் உங்களுக்கு உதவி செய்யும். மஞ்சளும் பச்சையும் சேர்ந்த சொல் அது. தங்கப் புறாவின் பொன்னுக்குள் பச்சை ஓடுகிறது என்பதைப் பெயர் வைத்தவர் அப்போதே சொல்லிவிட்டார். ஆறாவது படியில் இது கை கொடுக்கும்.

தாளின் முதல் வரியில் அறிவியல் பெயரை எழுதுங்கள். தேடுவதும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

3. எந்தத் தீவு என்று கேளுங்கள்

இரண்டு இனங்களும் ஒரே தீவில் சேர்ந்து வாழ்வதில்லை. ஆகவே தீவின் பெயர் தெரிந்தால் பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்தது. நிறத்தை விட இது உறுதியான சான்று, ஏனென்றால் நிறம் வெளிச்சத்தோடு மாறும், தீவு மாறாது.

தங்கப் புறா மேற்கே. வீத்தி லேவு என்ற பெருந்தீவு, அதை ஒட்டிய ம்பெங்கா, ஓவலாவு, ஙாவு, யசாவா வரிசையில் உள்ள வாயா. நாட்டின் தலைநகரம் சுவாவும் பன்னாட்டு விமான நிலையமுள்ள நாந்தியும் வீத்தி லேவுவில்தான் இருக்கின்றன.

ஆரஞ்சுப் புறா வடகிழக்கே. வனுவா லேவு, தவேயுனி, ராம்பி, கியோவா ஆகிய தீவுகளில் விக்டர் உள்ளினம். தவேயுனிக்குப் பக்கத்தில் இருக்கும் ங்காமேயா, லௌதாலா ஆகிய சிறு தீவுகளில் ஆரியஸ் உள்ளினம்.

புதியவர்கள் வீத்தி லேவுவையும் வனுவா லேவுவையும் மாற்றி எழுதுவது அன்றாடம் நடக்கிறது. லேவு என்றால் பெரியது. ஒன்று பெரிய பிஜி, மற்றொன்று பெரிய நிலம். முதல் சொல்லைச் சுருக்காமல் முழுதாக எழுதினால் தவறு வராது. 'வி. லே.' என்று சுருக்கி, ஒரு வாரம் கழித்து அது எந்தத் தீவு என்று விழித்தவன் நான்.

இதோடு எழுத்துச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிஜி மொழிக்கான ரோமன் எழுத்துமுறையில் 'பி' எழுத்தை ம்ப என்றும், 'டி' எழுத்தை ந்த என்றும், 'ஜி' எழுத்தை ங என்றும், 'க்யூ' எழுத்தை ங்க என்றும் ஒலிக்க வேண்டும். 'சி' எழுத்துக்கு மெல்லிய த ஒலி. ஆகவே காதால் கேட்ட பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டினால் வரைபடத்தில் கிடைக்காது. ம்பெங்கா என்று கேட்ட தீவின் பெயரில் 'எம்' எழுத்தும் இல்லை, 'ஜி' எழுத்தும் இல்லை. 'பி', 'இ', 'க்யூ', 'ஏ' என்று நான்கே எழுத்துகள். ம்ப, ந்த, ங்க எல்லாம் நம் வாயில் தினமும் புரளும் ஒலிகள், அதனால் உச்சரிப்பு நமக்கு எளிது. எழுத்துக்கூட்டலில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் ஒலியையும் ரோமன் எழுத்துகளையும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படி முடிந்ததும், நீங்கள் சேர்த்த படங்களை எல்லாம் மறுபடி பாருங்கள். வனுவா லேவுவில் எடுத்ததாகச் சொல்லும் 'தங்கப் புறா' கிடைத்தால், பறவை தவறு அல்லது இடம் தவறு. இரண்டில் எது என்று தெரியும்வரை அந்தப் படம் ஓரமாக இருக்கட்டும்.

4. கண்ணுக்கு முன் காது

இவ்வளவு பளிச்சென்ற ஆண் பறவையைத் தேடிப் பிடிப்பது எளிது என்று தோன்றும். காட்டுக்குள் போனால் தெரியும் சங்கதி. இவை மர உச்சியின் அடர்ந்த இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்ப்பதைவிடக் கேட்பதே பல மடங்கு அதிகம். படத்தை வைத்து மட்டும் ஒப்பிடுகிறவருக்குக்கூட இந்தப் படி தேவை, ஏனென்றால் நிறத்தை விடக் குரலில்தான் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன.

ஆரஞ்சுப் புறாவின் ஆண் 'டொக்' என்று நாக்கைச் சொடுக்கியதுபோல ஒற்றை ஒலி எழுப்பும். பிறகு இன்னொரு 'டொக்'. சுவர்க் கடிகாரம்போல ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். புறாவின் குரல் என்று யாருக்கும் முதலில் தோன்றாது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது, தலையைத் திருப்பத் திருப்ப மரம் மாறிக்கொண்டே போகும்.

தங்கப் புறாவின் ஆண் குரைக்கும். நாய்க்குட்டி வாசலில் நின்று ஒரு தடவை குரைத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை குரைப்பதுபோல. சுவாவுக்கு அருகே காட்டின் ஓரத்தில் முதன்முதலில் அதைக் கேட்டபோது, பக்கத்து வீட்டு நாய் என்று எண்ணி இருபது நிமிடம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிறகுதான் அந்த நாய் தலைக்கு மேலே இருக்கிறது என்று உறைத்தது.

இனி முக்கியமான தவறு. பிஜியில் குரைக்கும் புறா இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். டுகுலா லாட்ரன்ஸ் என்ற பெரும்புறா, இந்தப் பழப்புறாக்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நீளமானது, வீத்தி லேவு, வனுவா லேவு, தவேயுனி என்று இரண்டு இனங்களின் தீவுகளிலும் வாழ்கிறது. லாட்ரன்ஸ் என்றாலே குரைப்பது என்று பொருள். அதன் குரல் கனமானது, வளர்ந்த நாய் தொலைவில் குரைப்பது போன்றது. தவேயுனியில் குரைப்புச் சத்தம் கேட்டுவிட்டு 'தங்கப் புறா, கேட்டது உறுதி' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெரும்புறாவிடம்தான் ஏமாறுகிறார்கள். தீவை முதலில் எழுதும் பழக்கம் இருந்தால் கை தானே நின்றுவிடும்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். முதலில் பெரும்புறாவின் பதிவை இரண்டு நிமிடம் கேளுங்கள். உடனே தங்கப் புறாவின் பதிவு. பிறகு ஆரஞ்சுப் புறா. கையில் கடிகாரம் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை ஒலி என்று எண்ணி எழுதுங்கள். 'வேகமாக', 'மெதுவாக' என்ற சொற்கள் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது, எண் விளங்கும்.

காட்டுக்குப் போனால் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். எல்லையைக் காக்கும் ஆண் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். அதோடு, தூண்டிவிட்டுப் பெற்ற குரலை இயல்பான குரலோடு எண்ணிக்கையில் சேர்க்கவும் முடியாது.

5. ஆணா, பெண்ணா, இளம்பறவையா

நிறத்துக்குப் போகும் முன் இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும். இரண்டு இனத்திலும் பெண் பச்சை, இளம்பறவையும் பச்சை. ஆகவே ஓர் இனத்தின் ஆணை மற்றதன் பெண்ணோடு வைத்துப் பார்த்தால் பால் வேறுபாடுதான் தெரியும், இன வேறுபாடு தெரியாது. கேட்டால் 'இது கூடவா தெரியாது' என்று தோன்றும். ஆனால் 'பச்சைப் பறவை' என்று பெயரிட்ட படக்கோப்பு எந்தப் பாலுடையது என்று கேட்டுப் பாருங்கள்.

நன்கு வளர்ந்த ஆணை ஆணோடும், பெண்ணைப் பெண்ணோடும் மட்டும் வையுங்கள். இளம் ஆண் நிறம் மாறும் காலத்தில் பச்சை உடலில் அங்கங்கே ஆரஞ்சோ மஞ்சளோ திட்டுத் திட்டாகத் தெரியும். இந்தப் படங்களைப் பார்த்ததும் 'கலப்பினம்!' என்று துள்ளுகிறவர்கள் அதிகம். இரண்டு இனங்களும் வெவ்வேறு தீவுகளில் இருக்கும்போது கலப்பு எங்கிருந்து வரும்? திட்டு விழுந்த பறவை, சட்டை மாற்றிக்கொண்டிருக்கும் இளம் ஆண். அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

6. ஆண்களைப் பகுதி பகுதியாக

இப்போது நிறம். முழுப் பறவையையும் ஒரே பார்வையில் விழுங்காமல் உடல், இறகின் அமைப்பு, தலை, சிறகு, இறகில்லாத பகுதிகள் என்ற வரிசையில் போங்கள்.

உடல்: ஆரஞ்சுப் புறாவின் ஆண் தணல் நிறம். நிழலில் இருந்தாலும் அது ஆரஞ்சுதான். தங்கப் புறாவின் ஆண், காய்க்கும் கனிக்கும் நடுவில் நிற்கும் எலுமிச்சைபோல மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். வெயில் பட்டால் பொன், இலை நிழலில் பச்சை. ஆகவே தங்கப் புறாவை ஒரே ஒரு படத்தை வைத்து எழுதாதீர்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று இரண்டு படங்களாவது வேண்டும்.

இறகின் அமைப்பு: பலர் தாண்டிப்போவதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இந்த இடம். படத்தை நன்றாகப் பெரிதாக்கி மார்பைப் பாருங்கள். இரண்டு இனத்திலுமே ஆணின் உடல் இறகுகள் வழக்கமான புறாவின் இறகுபோல வட்டமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்காது. நீண்டு, மெலிந்து, ரோமம்போலத் தொங்கும். ஆரஞ்சுப் புறாவில் எல்லா இழைகளும் ஒரே நிறத்தில் இருப்பதால் உடல் முழுவதும் ஒரே சீலையைப் போர்த்தியதுபோலத் தெரியும். தங்கப் புறாவில் இறகுகள் ஈட்டிமுனைபோலக் கூர்ந்திருக்கும். இடையிடையே பச்சை எட்டிப்பார்க்கும், மஞ்சள் விளிம்பு மினுங்கும். அதனால் பறவை வரிவரியாக, சிலிர்த்த மாதிரி தோன்றும். மங்கலான படத்தில் நிறம் பொய் சொன்னாலும் இந்த வரிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தலை: ஆரஞ்சுப் புறாவின் தலை பச்சை கலந்த பொன் நிறம். தணல் உடலுக்கு மேல் அது வேறொரு பறவையின் தலையைப் பொருத்தியதுபோல எடுப்பாக நிற்கும். தங்கப் புறாவிலும் தலை உடலைவிடச் சற்று மங்கி, பச்சை சாய்ந்திருக்கும். ஆனால் உடலும் அதே சாயல் என்பதால் வேறுபாடு மெதுவாகவே கண்ணில் படும். 'தலை பச்சை' என்று மட்டும் எழுதினால் இரண்டுக்கும் பொருந்திவிடும். 'தலைக்கும் உடலுக்கும் எவ்வளவு முரண்' என்று எழுதுங்கள், அப்போதுதான் அது ஒப்பீடு.

சிறகு: உட்கார்ந்திருக்கும் பறவையில் சிறகைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் மேல்மூடும் இறகுகள் நீளமாக வளர்ந்து, பறக்கப் பயன்படும் இறகுகளை மறைத்துவிடுகின்றன. தங்கப் புறா சிறகை விரித்தால் உள்ளே பச்சை தெரியும். உட்கார்ந்த படத்தைப் பார்த்து 'சிறகும் மஞ்சள்' என்று எழுதியவர், பறக்கும் படத்தைப் பார்த்ததும் வேறு பறவை என்று நினைப்பார்.

அலகு, கண்வளையம், கால்: இரண்டிலும் நீலமும் பச்சையும் கலந்த சாயல். ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள், இங்கே பிரிக்க ஏதுமில்லை. அருங்காட்சியகங்களில் பதப்படுத்திய மாதிரிகளைப் பார்க்கிறவர்கள் இந்த வரியை அவற்றிலிருந்து எழுதக் கூடாது. உயிர் போனபின் இறகில்லாத பகுதிகளின் நிறம் மங்கிவிடும்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிர் வானத்தை நோக்கி எடுத்த படத்தில் கேமரா பறவையைக் கறுக்கடித்துவிடும். எடுத்தவர் பிறகு கணினியில் நிறத்தைத் தூக்கி விட்டிருந்தால் தங்கப் புறாகூட ஆரஞ்சுக்கு அருகே போய்விடும். படத்தில் உள்ள இலையைப் பாருங்கள். இலை இயல்பான பச்சையாக இருந்தால் பறவையின் நிறத்தை நம்பலாம். இலையே பெயின்ட் அடித்ததுபோல இருந்தால் அந்தப் படம் இறகின் அமைப்புக்கு மட்டும் உதவும்.

7. பெண்கள்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே நிறம் அதிகம் உதவாது. ஆரஞ்சுப் புறாவின் பெண் கரும்பச்சை, வால் கறுப்பை ஒட்டியது, வாலடி இறகுகளில் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். தங்கப் புறாவின் பெண்ணும் பச்சைதான். தீவு தெரியாத பெண் பறவையின் படத்தை வைத்து இன்ன இனம் என்று அடித்துச் சொல்லாமல், 'இனம் உறுதியில்லை' என்று எழுதுவதே நேர்மை.

பெண்ணை அதன் தங்கை இனத்தோடு குழப்புவதைவிட, அதே காட்டில் இருக்கும் வேறொரு பழப்புறாவோடு குழப்புவதே அதிகம் நடக்கிறது. பலவண்ணப் பழப்புறா, டிலினோபஸ் பெரூசி, பிஜியிலும் உண்டு. அதன் பெண்ணும் பச்சை, ஆனால் தலையில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும். நெற்றியைப் பார்க்காமல் வயிற்றை மட்டும் பார்த்து எழுதினால் தவறு நிச்சயம். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வயிறுதான் தெரியும் என்பதால், சற்று மேடான இடத்தில் நின்று பள்ளத்து மரங்களின் உச்சியைப் பார்ப்பது நல்லது.

8. உணவு, கூடு

இரண்டும் சிறு பழங்களையும் பூச்சிகளையும் தின்கின்றன. இரண்டிலும் பெண் வழக்கமாக இடுவது ஒரே முட்டை. இதற்கு ஒரு வரி போதும். இதை முதல் படியாக வைத்து, பழங்களின் பட்டியல் தயாரிப்பதில் ஒரு வாரத்தைச் செலவிட்டவரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலால் எந்தப் பறவையும் பிரியவில்லை.

9. நேரில் போகிறவர்களுக்கு

வீத்தி லேவுவில் தொடங்குங்கள். சுவாவுக்கு வடக்கே, நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தோலோ-இ-சுவா வனப்பூங்காவில் தங்கப் புறாவைக் கேட்கவும் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. பெரும்புறாவின் குரலும் அதே தீவில் கிடைப்பதால் காதுக்கு முதல் பாடம் அங்கேயே ஆகிவிடும்.

அதற்குப் பிறகு தவேயுனி. விமானம் தீவின் வடமுனையில் உள்ள மதேய்க்குப் போகும். ஆரஞ்சுப் புறாவுக்குப் பெயர்பெற்ற இடம் 1,195 மீட்டர் உயரமுள்ள டெ வோ சிகரத்தின் பாதை. கரடுமுரடான மண் சாலை, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். விடியும் முன் கிளம்புங்கள். மேகம் இறங்கிவிட்டால் பக்கத்து மரமே தெரியாது. போகும் மாதம் மே முதல் அக்டோபருக்குள் இருக்கட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் மிகுந்த காலம்.

ஊர்க்காடுகளுக்குள் நுழைய விரும்பினால் முதலில் ஊருக்குள் போய் அனுமதி கேட்க வேண்டும். நிலம் பெரும்பாலும் பழங்குடி இதவுக்கேய் மக்களின் குலங்களுக்குச் சொந்தம். காவா பானம் தயாரிக்கும் யங்கோனா வேரைக் கட்டாக எடுத்துப்போய் ஊர்ப் பெரியவரிடம் கொடுத்து, வந்த காரியத்தைச் சொல்வது வழக்கம். செவுசெவு என்பது அதன் பெயர். தொப்பியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். இந்த வேலையை முந்தின நாள் மாலையே முடித்துவிட்டால் விடியற்காலை நேரம் வீணாகாது. எந்த மரம் பழுத்திருக்கிறது என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

10. ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும்

பார்த்த இடத்திலேயே எழுதுங்கள். விடுதிக்குத் திரும்பிக் கையேட்டைப் புரட்டிய பிறகு எழுதினால், நீங்கள் எழுதுவது கையேட்டில் உள்ள பறவையைத்தான்.

நான் ஏற்றுக்கொள்ளும் குறிப்பின் மாதிரி இது: 'தவேயுனி. சிகரப் பாதை, காலை 6.40, மேகமூட்டம். டொக் டொக் ஒலி, நிமிடக் கணக்கு எழுதியது, இரண்டு நிமிடம் விடாமல். பத்து நிமிடம் கழித்து ஆண் தெரிந்தது, முதுகுப் பக்கம் மட்டும். உடல் ஆரஞ்சு, வரிகள் இல்லை. தலை பச்சை கலந்த பொன், முரண் தெளிவு. கால் பார்க்கவில்லை.' கடைசி இரண்டு சொற்களைப் பாருங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதும் கையைத்தான் மற்றவற்றிலும் நம்பலாம்.

11. மூன்றாவது கட்டம்

இப்போது காலியாக விட்ட கட்டத்துக்கு வாருங்கள். வீத்தி லேவுவுக்குத் தெற்கே கந்தாவு என்ற தீவும், அதை ஒட்டி ஓனோ என்ற சிறு தீவும் இருக்கின்றன. அங்கே இதே கூட்டத்தின் மூன்றாவது உறுப்பினர் வாழ்கிறது: சீழ்க்கைப் புறா, டிலினோபஸ் லயார்டி. முதல் இரண்டு கட்டங்களையும் நிரப்பிய அதே வரிசையில் இதையும் நிரப்புங்கள். பெயர், தீவு, குரல், பால், நிறம்.

குரல் வரியில் டொக்கும் இல்லை, குரைப்பும் இல்லை, சீழ்க்கை வரும். ஆணின் உடலில் பச்சையே நிற்கும், தலையில் மட்டும் மஞ்சள் ஏறியிருக்கும். 'தலைக்கும் உடலுக்கும் எவ்வளவு முரண்' என்ற வரியை ஆறாம் படியில் எழுதியிருந்தால் இந்தப் பறவை தானாக அதில் உட்கார்ந்துகொள்ளும். 'ஆண் பளிச்சென்ற நிறம், பெண் பச்சை' என்று மட்டும் எழுதியிருந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி வர வேண்டும்.